குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேட்ட வக்கீலம்மா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விவாகரத்து வழக்கில் பிள்ளைக்காக வாதாட நல்ல வக்கீல் யார் என்று கேட்டு அடிக்கடி எனக்குச் செய்தி வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போல ஊரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எனக்குக் கிடைத்த வக்கீலைப் பற்றி முழுதாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரைப் போட்டால் எங்கள் வழக்கையும் என் மகளையும் தேடிக் கண்டுபிடிப்பது இந்தச் சின்ன ஊரில் யாருக்கும் சுலபம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் 2014-இல் கல்யாணம். கணவர் குடும்பம் இங்கே வந்து நான்கு தலைமுறை ஆயிற்று. வீட்டில் பூஜைக்கு மட்டும்தான் தமிழ். டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் குடித்தனம். மகள் 2017-இல் பிறந்தாள். 2023 கடைசியில் நான் மகளோடு வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு அவுட்பில்டிங்கை, அதாவது ஒரு வீட்டு வளவுக்குள்ளேயே தனியாக இருக்கும் சின்னக் கட்டடத்தை, வாடகைக்கு எடுத்தேன். ஏன் பிரிந்தோம் என்பது இங்கே தேவையில்லை. அடி உதை எதுவும் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

முதலில் நான் போனது இந்த வக்கீலம்மாவிடம் இல்லை. உம்லாங்கா பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு 1,800 ராண்ட். உட்கார்ந்ததும் கணவரின் சம்பளம், பென்ஷன், வீடு யார் பெயரில் என்று வரிசையாகக் கேட்டார். மகளின் பெயரை அவர் கேட்டதே நாற்பது நிமிடம் கழித்துத்தான், அதுவும் படிவத்தை நிரப்புவதற்காக. பிறகு, "அவர் அடித்ததாக எழுதினால் வேலை சீக்கிரம் முடியும்" என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றேன். சரி என்று அதை விட்டுவிட்டு, இன்னொரு வழி சொன்னார். "உங்கள் விசா கணவரை வைத்து வந்தது. விவாகரத்து ஆனால் அது போய்விடும். பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லீவுக்குப் போவதுபோல இந்தியா போய்விடுங்கள், திரும்பி வராதீர்கள். இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது."

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. அந்தப் பாதி உண்மை எனக்கு அன்றைக்கு அமிர்தமாக இருந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் மதுரைக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே நினைப்போடு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காதான் தடுத்தார். அவர் மருமகளுக்கு வழக்கு நடத்திய ஒரு அம்மா வெஸ்ட்கிளிஃப் பக்கம் இருப்பதாகவும், ஊருக்குப் போவதற்கு முன் அவரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்றும் கையைப் பிடித்துச் சொன்னார்.

2024 பிப்ரவரி. கடைகளுக்கு மேலே ஒரு மாடி, லிஃப்ட் கிடையாது. நான் போன நேரம் மின்வெட்டு. மேசைமேல் சார்ஜ் விளக்கு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் அவருக்கு வணக்கம், தாத்தா, பாட்டி என்ற அளவில்தான். ஆனால் தன் கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர், கப்பல் பதிவேட்டில் வட ஆற்காடு என்று இருக்கிறது என்று பின்னால் ஒருநாள் பெருமையாகச் சொன்னார். என்னிடம் மெதுவாக ஆங்கிலம் பேசினார். எனக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும் ஒரு தாளில் எழுதி, கீழே எளிய வார்த்தையில் விளக்கம் எழுதித் தந்தார். அந்தத் தாள்கள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

முதல் கேள்வி: "பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குவாள்?"

எட்டரை என்றேன். யார் தூங்க வைப்பது? ராத்திரி எழுந்தால் யாரைக் கூப்பிடுவாள்? பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது? மதியச் சாப்பாட்டில் எதை மிச்சம் வைப்பாள்? இப்படியே முக்கால் மணி நேரம். பதில் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில்தான் டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த டிக்கெட்டை வாங்கினால் நான் உன் வக்கீல் இல்லை" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, பிள்ளையை நாட்டைவிட்டுக் கூட்டிப் போகவும், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும், பாதுகாவலர்களாக இருக்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தாய் தகப்பன் இருவரும் பாதுகாவலர்கள். ஒருவருக்குத் தெரியாமல் கூட்டிப் போனால் பிள்ளைக்குத் தகப்பனோடு இருக்கும் ஒட்டுதலை அறுத்தவள் என்றுதான் பிறகு எந்த நீதிபதியும் என்னைப் பார்ப்பார். இந்திய நீதிமன்றமும் பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்க்கும், அங்கேயும் வருஷக்கணக்கில் வழக்கு ஓடலாம் என்றார்.

விசாவைப் பற்றி அவர் பதில் சொல்லவில்லை. "அது என் துறை இல்லை, தப்பாகச் சொல்லிவிடுவேன்" என்று குடியேற்ற வழக்குகள் மட்டும் பார்க்கும் இன்னொருவரிடம் அனுப்பினார். அங்கே தனியாக 1,500 ராண்ட் ஆயிற்று. அந்தப் பணம் வீண் போகவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. துணைவர் விசாவில் வந்தவரின் மணவாழ்க்கை முறிந்தாலும், தென்னாப்பிரிக்கக் குடியுரிமையுள்ள தன் பிள்ளைக்கான பெற்றோர் பொறுப்பை அவர் நிறைவேற்றி வந்தால், அவரை நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்பது அந்தத் தீர்ப்பு. இதை முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அந்த இரண்டு ராத்திரி எனக்கு இருந்திருக்காது. விசாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்கும் பெண்கள் இங்கே எத்தனை பேர். தயவுசெய்து குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் உங்கள் தாள்களைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தை வக்கீலம்மா சொல்லித்தான் முதலில் தெரிந்துகொண்டேன். நாமெல்லாம் கஸ்டடி, கஸ்டடி என்கிறோம். குழந்தைகள் சட்டத்தில் பராமரிப்பு, தொடர்பு, பாதுகாவல் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளை யாரோடு தங்கி வளர்வது என்பது பராமரிப்பு. மற்றவர் பார்ப்பது, பேசுவது, கூட்டிப் போய் வைத்திருப்பது தொடர்பு. பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம், பிள்ளையின் சொத்து போன்றவற்றுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை பாதுகாவல். "பிள்ளை யாருக்கு?" என்று மாமியாரும் என் அம்மாவும் போனில் கத்திக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் நான் இவரை எல்லோருக்கும் சொல்லக் காரணம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். மூன்று வாரம், பிள்ளையின் ஒவ்வொரு நாளையும் எழுத வேண்டும். யார் எழுப்பினார், யார் தலை பின்னினார், யார் டாக்டரிடம் கொண்டுபோனார், எந்த நாள் அப்பாவிடம் இருந்தாள், திரும்பி வந்தபோது எப்படி இருந்தாள். புருஷன்மேல் கோபம் இருந்தால் அதை எழுத வேறு நோட்டு வாங்கிக்கொள், அதை என்னிடம் கொண்டுவராதே என்றார்.

எழுத எழுதத்தான் எனக்கே சில விஷயங்கள் தெரிந்தன. மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒரே வீட்டில் இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஹேலர் பம்ப் கொடுத்து, முதுகைத் தடவி உட்கார வைத்தது எப்போதும் என் கணவர்தான், நான் பயந்து நடுங்கிக்கொண்டு நின்றிருப்பேன். சனிக்கிழமை நீச்சலுக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். அதை எல்லாம் எழுதத்தான் வேண்டுமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். எழுதினேன். வக்கீலம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தப் பக்கம்தான் உன்னைக் காப்பாற்றும்" என்றார். உம்லாங்காவில் கேட்ட பேச்சோடு இதை வைத்துப் பார்த்தபோது யாரை நம்புவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

நீதிமன்றத்துக்கு ஓடுவதற்கு முன் பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒரு பேரன்டிங் பிளான், அதாவது பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற எழுத்து ஒப்பந்தம், போடப் பார்க்க வேண்டும் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் நலனை விசாரிக்கும் அரசு அலுவலரான ஃபேமிலி அட்வகேட்டின் உதவியோடு, அல்லது ஒரு சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர் உதவியோடு அதைப் போடலாம். சமூகப் பணியாளரை நடுவில் வைத்தும் பேசலாம். நாங்கள் அப்படித்தான் பேசினோம், நான்கு தடவை. இரண்டாம் தடவை கணவர் எழுந்து போய்விட்டார். மூன்றாம் தடவை நான்.

கணவருக்கு ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. எல்லோரும் எழுதுவதுபோல ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி என்று எழுதினால் அவருக்குப் பாதி நாள் தூக்கத்திலேயே போகும். வக்கீலம்மா அவருடைய ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி, பகல் ஷிஃப்ட் வாரங்களில் தொடர்பு வரும்படி மாற்றி எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்காமலே செய்தார். அப்புறம் பண்டிகைகள். தைப்பூசத்துக்குக் கணவர் காவடி எடுப்பார், மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து கூடவே பால்குடம் தூக்கிக்கொண்டு போகிறாள். அந்த நாள் எப்போதும் அப்பாவுக்கு. தீபாவளி ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. புரட்டாசி மாதம் இரண்டு வீட்டிலும் கவிச்சி இல்லை என்று மாமியார் கேட்டார், எனக்கும் அதில் சம்மதம்தான். வேறு ஊர் வக்கீலாக இருந்தால் காவடி என்றால் என்ன என்று விளக்கவே எனக்கு அரை மணி நேரம் பணம் போயிருக்கும்.

எனக்கு இருந்த ஒரே பிடிவாதம், வருஷம் ஒருமுறை மகள் அருப்புக்கோட்டை போக வேண்டும், என் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும். அவருக்கோ நான் போனால் திரும்ப மாட்டேன் என்ற பயம். நியாயமான பயம்தான், நானே டிக்கெட் பார்த்தவள். டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம், திரும்பும் டிக்கெட்டின் நகலை இரண்டு மாதம் முன்னால் கொடுத்துவிட வேண்டும், அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அங்கிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வீடியோவில் பேச வேண்டும் என்று முடிந்தது. மார்கழிக் கோலம் பார்ப்பாள். பொங்கலுக்கு இருக்க முடியாது, பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதில் எனக்கு வருத்தம்தான்.

ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரில் அட்வகேட் இருப்பதால் நமக்காக வாதாடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் யார் பக்கமும் இல்லை. பிள்ளைக்கு எது நல்லது என்று விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு, கட்டணம் கிடையாது. எங்கள் ஒப்பந்தத்தையும் அவர்கள் பார்த்தார்கள். அங்கே இருந்த ஆலோசகர் மகளோடு தனியாகப் பேசினார். அம்மாவா அப்பாவா என்று கேட்கவே இல்லையாம். உனக்கு என்ன மாறினால் நன்றாக இருக்கும் என்று கேட்டாராம். "எனக்கு இரண்டு ஜோடி பள்ளிக்கூட ஷூ வேண்டும்" என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷூ அப்பா வீட்டில் தங்கிவிட்டால் திங்கள் காலை வகுப்பில் அவள்தான் திட்டு வாங்குகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ஜோடி ஷூ என்பது பிளானில் ஒரு வரியாகவே இருக்கிறது.

வழக்கு டர்பன் ரீஜனல் நீதிமன்றத்தில். 2010 முதல் விவாகரத்து வழக்குகளை அங்கேயே நடத்தலாம், ஹைகோர்ட்டுக்குப் போகும் செலவு இல்லை. பிள்ளைகளுக்கான ஏற்பாடு திருப்தியாக இருந்தால் ஒழிய விவாகரத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் ஒத்துக்கொண்டு வந்ததால் 2025 மே மாதம் சாட்சிக் கூண்டில் நான் நின்றது பத்து நிமிடம்கூட இல்லை. பிளான் நீதிமன்ற உத்தரவில் சேர்ந்தது. அதை மீறிப் பிள்ளையைக் காட்டாமல் வைத்துக்கொண்டால் அபராதமோ ஒரு வருஷம் வரை சிறையோ உண்டு. அது எனக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

இனி செலவு. முதல் சந்திப்பு 900 ராண்ட். முன்பணம் 12,000, அதை டிரஸ்ட் கணக்கில்தான் (கட்சிக்காரர்கள் பணத்தைத் தனியாக வைக்கும் வங்கிக் கணக்கு) போடச் சொன்னார், அவருடைய சொந்தக் கணக்கில் இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு என்று முதல் வாரமே எழுத்தில் தந்தார். எல்லாம் சேர்ந்து என் பக்கம் 34,000 ராண்ட் ஆயிற்று. ஊரில் அண்ணன் கொஞ்சம் அனுப்பினான், மிச்சத்தை ஜாக்கெட் தைத்துக் கட்டினேன்.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் கேட்டால் அலுவலகப் பெண்தான் பதில் போடுவார், அதுவும் சாயங்காலம். ஒரு தடவை மகளைக் கணவர் நேரத்துக்குக் கொண்டுவந்து விடாதபோது நான் பதறிப்போய் வக்கீலம்மாவைப் பதினொரு தடவை கூப்பிட்டேன், மறுநாள்தான் பேசினார். அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஷெரிஃபின் கட்டணம் தனி என்பதை முதலிலேயே சொல்லவில்லை. பேச்சில் இரக்கம் குறைவு. அழுதால் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தோளில் கை போட்டு ஆறுதல் சொல்லும் வக்கீல் வேண்டுமென்றால் இவர் சரிவர மாட்டார்.

அடி உதை நடக்கும் வீடு என்றால் இவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்பு ஆணை கேளுங்கள், 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பிள்ளைச் செலவுக்கான பராமரிப்புத் தொகை நீதிமன்றமும் அப்படித்தான். வருமானம் குறைவு என்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவைக் கேளுங்கள், 0800 110 110, கட்டணமில்லா எண். வருமானத்தைப் பார்த்துவிட்டு வக்கீல் தருவார்கள்.

எந்த வக்கீலிடம் போனாலும், பணம் கொடுப்பதற்கு முன் இந்த வருஷத்து ஃபிடலிட்டி ஃபண்ட் (வக்கீல் நம் பணத்தைக் கையாடினால் ஈடு தரும் நிதி) சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டிரஸ்ட் கணக்கில் மக்கள் பணம் வாங்கி வைக்கும் அட்டர்னி அது இல்லாமல் தொழில் செய்யக் கூடாது. கேட்க எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. வக்கீலம்மா சுவரைக் காட்டினார், ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. உம்லாங்காவில் நான் கேட்கவே இல்லை.

புதியவர்களைச் செவ்வாய், வியாழன் மதியம் பார்ப்பார். கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் அல்லது வங்கி மூலம். திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே நகல் எடுத்தால் தாளுக்கு ஐந்து ராண்ட். அவர் பெயர் வேண்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். பிள்ளையின் வயதையும், எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.